பத்து வருஷத்துக்கு அத்தாட்சி

சவ்கான், கோடை முகாம்
10 ஆகஸ்ட் 2003

அன்புத் தம்பி தெமூலென்,

கோடை நல்லபடி கழிகிறதா? உடம்பு சுகம்தானா, சாப்பாடு இறங்குகிறதா? இங்கே அம்மாவும் நானும் சுகம். ஆடுகளின் வாலில் கொழுப்பு ஏற ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்கு மழை வந்தால் முழங்கால் வலிக்கும். வலித்தால் என்னைத் திட்டுவாள். அதனால் வெயில் அடிக்கட்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. நான் படிக்கப் போகிறேன்.

போன கோடையில் ஜப்பானில் நீ இருக்கும் வடக்குத் தீவிலிருந்து குரோயனாகி என்று ஒரு பேராசிரியர் இங்கே ஆடு பார்க்க வந்ததை எழுதியிருந்தேன் அல்லவா? நாலு நாள் எங்கள் கூடாரத்தில்தான் சாப்பிட்டார். நான் விட்டேனா? புல்லின்மேல் பனி இறுகி இரும்பாகிற அந்த இரும்புப் பனிக் குளிர்காலத்தில் செத்த ஆடுகளில் முடிந்தவரை ஒவ்வொன்றாக வயிறு கிழித்துப் பார்த்தேன். கிழித்த நாற்பத்தொன்றில் முப்பத்து மூன்றுக்கு வயிறு நிரம்பியிருந்தது. பட்டினியில் செத்த ஆட்டுக்கு வயிறு எப்படி நிரம்பியிருக்கும்? இதை அவரிடம் நாலு நாளும் நாலு விதமாகக் கேட்டேன். கடைசி நாள் அவர் சிரித்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னார்: "உங்க கேள்விக்கு எங்கிட்ட பாதிப் பதில்தான்மா இருக்கு. மீதியை நீங்களே வந்து தேடுங்க."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். போன வாரம் தபால் ஜீப்பில் தடியாக ஓர் உறை வந்தது. ஏப்ரல் முதல் ஆய்வு மாணவியாகச் சேரலாம், பட்டம் முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, செலவு அவர்களுடையது. விசாவுக்கான தாள்களை மட்டும் நான் நிரப்பி ஜனவரிக்குள் அனுப்ப வேண்டும்.

அந்தத் தாள்கள்தான் வேடிக்கை. கல்லூரியை விட்டது முதல் இன்றுவரை எந்த மாதம் எங்கே இருந்தேன், என்ன செய்தேன், அதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்கிறார்கள். அப்பா இறந்ததும் நான் கால்நடை மருத்துவம் மூன்றாம் வருஷத்தில் விடுப்பு எடுத்து வந்தது 94 வசந்தத்தில். ஒரு வருஷ விடுப்பு பத்து வருஷம் ஆகிவிட்டது. பத்து வருஷத்தை நாலு விரல் அகலக் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது?

நீயும் 96இல் இதே தாளை நிரப்பியிருப்பாய். உனக்கும் பள்ளிக்கூடம் முடித்து நாலு வருஷம் இடைவெளி இருந்ததே, நீ என்ன எழுதினாய்? உலான்பாதர் சந்தையில் ஜீன்ஸ் விற்றதையா எழுதினாய்? சொல், எனக்கு உதவும்.

உச்சி முகர்ந்து,
உன் அக்கா உரீந்துயா


சப்போரோ
2 செப்டம்பர் 2003

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இலையுதிர் காலம் நல்லபடி தொடங்கியதா? அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது? முழங்காலுக்கு ஒட்டும் பட்டை இருபது இதனுடன் அனுப்பியிருக்கிறேன். இரவில் ஒட்டிக் காலையில் எடுத்துவிட வேண்டும். நான் சுகம்.

உங்கள் செய்தி படித்து மகிழ்ந்தேன். பேராசிரியரைப் பற்றி இங்கே விசாரித்தேன், நல்ல மனிதராம். குளிர் பற்றிக் கவலை வேண்டாம், நம் ஊர்க் குளிரில் பாதிகூட இல்லை. ஆனால் இங்கே குளிர் ஈரமானது, எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கம்பெனியில் வேலை வழக்கம்போல. மரம் அறுக்கும் இயந்திரம் வாங்க நம் நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மொழிபெயர்க்கிறேன். போன வாரம் வந்தவர் விருந்தில் கொடுத்த பச்சை மீனைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது செத்துருச்சான்னு கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டுச் சொன்னேன்.

தாள்களைப் பற்றி ஒன்று. ஜப்பானில் உறவினர் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமனே விட்டுவிடுங்கள். உறவினர் இருந்தால் வீண் கேள்வி வரும். மற்றபடி இடைவெளிக்கு 'வீட்டு வேலை' என்று எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் வந்துவிட்டால் அம்மாவையும் ஆடுகளையும் யார் பார்த்துக்கொள்வார்கள்? அதை எழுதவில்லையே.

தங்கள் தம்பி,
தெமூலென்


சவ்கான், இலையுதிர் முகாம்
24 செப்டம்பர் 2003

அன்புத் தம்பி,

கொழுத்துச் சுகமாக இலையுதிர் காலம் கழிக்கிறாயா? இங்கே ஆடு கொழுத்துவிட்டது, நான் இன்னும் இல்லை. பட்டை வந்தது. அம்மா ஒன்றை முழங்காலிலும் ஒன்றை நெற்றியிலும் ஒட்டிக்கொண்டு, "இப்பத்தான் மகன் பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு" என்கிறாள்.

மீன் கதை எழுதினாய். குளிர் கதை எழுதினாய். நான் கேட்டதற்குப் பதில் எங்கே? 96இல் நீ என்ன எழுதினாய் என்று கேட்டேன். சின்ன வயசில் நீ தயிர்க்கட்டி திருடித் தின்றுவிட்டு வானத்தைப் பார்ப்பாயே, அப்படி எழுதியிருக்கிறாய்.

'வீட்டு வேலை' என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். மேய்த்தேன், மேய்த்தேன் என்றுதான் எழுதுவேன். அதற்கு அத்தாட்சி வாங்கத்தான் திங்கட்கிழமை வட்டார அலுவலகத்துக்குக் குதிரையில் போனேன். எழுத்தர் புரெவ்ஜாவ் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"மேய்ச்சலுக்கு யாரும்மா சம்பளச் சீட்டு தர்றா? ஆடா கையெழுத்துப் போடும்?"

"டிசம்பர் டிசம்பர் கணக்கெடுக்க வர்றீங்களே அண்ணே, அந்தப் புத்தகம் இருக்கில்ல?"

அவர் எழுந்து பெரிய புத்தகங்களை எடுத்து வந்தார். 94 முதல் 2002 வரை ஒன்பது டிசம்பர். நம் கூடாரத்துக்கு நேரே மேய்ப்பவர் பெயர் என்ற இடத்தில் ஒன்பது தடவையும் உன் பெயர்.

தப்பு என்னுடையதுதான். அப்பா இறந்த வருஷம் புரெவ்ஜாவ் கேட்டபோது உன் பெயரை எழுதச் சொன்னது நான். கடைக்குட்டி மகன்தானே வீட்டு நெருப்புக்கும் மந்தைக்கும் உரியவன், அந்த வழக்கத்தை நான் எப்படி மாற்றுவது? நீ ஜப்பான் போன பிறகும் மாற்ற மனசு வரவில்லை. பெயர் அங்கே இருந்தால் நீ திரும்பி வருவாய் என்று ஒரு நினைப்பு. இப்போது தாளின்படி, நீ சப்போரோவில் பனிச்சறுக்கு பழகிய வருஷம் இங்கே நூற்றெண்பது ஆடு மேய்த்திருக்கிறாய். நான் எங்கேயுமே இல்லை. வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். ஆற்றைத் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

புரெவ்ஜாவ் வழி சொன்னார். நீ 97 முதல் ஜப்பானில்தான் இருக்கிறாய் என்று ஒரு கடிதமும், நீ இறங்கிய நாள் முத்திரை விழுந்த கடவுச்சீட்டுப் பக்கத்தின் நகலும் வேண்டும். "ஆள் இங்க இல்லேன்னு காட்டிட்டா மேய்ச்சது நீதான்னு நான் எழுதித் தர்றேன்" என்றார். உடனே அனுப்பு, இது இல்லாமல் என் விண்ணப்பம் நகராது.

உச்சி முகர்ந்து,
அக்கா


சவ்கான், இலையுதிர் முகாம்
25 அக்டோபர் 2003

அன்புத் தம்பி,

சுகமா? ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. தபால் ஜீப் நாலு தடவை வந்து போய்விட்டது. ஓட்டுநர் தூரத்திலேயே கையை விரிக்கிறார். முதல் பனி விழுந்தது. அம்மா சுகம்.

நகலுக்காகக் காத்திருக்கிறேன். உனக்குக் காய்ச்சலோ என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் இறைச்சி நறுக்குவதை நிறுத்தாமலே, "அவனை ஏண்டி நோண்டற? விடு" என்றாள். மகனிடமிருந்து கடிதம் வராவிட்டால் ஊரையே எழுப்புகிறவள் விடு என்கிறாளே, ஏன்?

அந்த ஏன் என்னைத் தூங்க விடவில்லை. நேற்று மறுபடி புரெவ்ஜாவிடம் போனேன். இந்த அலுவலகத்திலிருந்து உனக்கு ஏதாவது தாள் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் காதைச் சொறிந்தார். சுவரைப் பார்த்தார். பிறகு 96ஆம் வருஷக் கட்டை அவிழ்த்தார்.

'தெமூலென் 1993 முதல் 1996 வரை குடும்ப மந்தையை மேய்த்தவர் என்று சான்றளிக்கப்படுகிறது.' வட்டாரத்தின் பழைய தலைவர் கையெழுத்து. உன் தேர்வுக்கு ஆசி சொல்ல என்று அம்மா அந்த வருஷம் அவர் வீட்டுக்கு ஆட்டுத் தொடை கொண்டுபோனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆசிக்கு ஏன் முழுத் தொடை என்று அப்போதே கேட்டேன். அவள் தொடையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தம்பி, நீ மேய்த்து நான் பார்த்ததில்லை. உன்னைக் கண்டால் ஆடு எதிர்த் திசையில் போகும். சரி, சந்தை வியாபாரத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு தாள் வாங்கினாய். அந்த வருஷங்களில் எத்தனை பேர் வாங்கினார்கள்! அதற்கா ஒரு மாத மௌனம்? இன்னும் ஏதோ இருக்கிறது. சொல்லிவிடு.

அக்கா


சப்போரோ
8 நவம்பர் 2003

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன்.

இந்த வருஷம் வேண்டாம் அக்கா. அடுத்த வருஷம் விண்ணப்பியுங்கள். என் விசாவை மார்ச்சில் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அது முடிந்த பிறகு நீங்கள் கேட்ட எல்லாத் தாளும் அனுப்புகிறேன். இப்போது ஒன்றும் கேட்காதீர்கள்.

அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டிருந்தேன். நீங்களும்தான் பதில் எழுதவில்லை.

தெமூலென்


சவ்கான், குளிர்கால முகாம்
26 நவம்பர் 2003

தம்பி,

சுகமாக இரு. நாங்கள் சுகம். கையுறை அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. உன் ஆறு வரியைப் படித்துவிட்டு வெளியே போய் வரட்டி உடைத்தேன். ஒரு வாரத்துக்கான வரட்டியை உடைத்துவிட்டேன். அடுத்த வருஷம் என்று நீ சுலபமாக எழுதுகிறாய். பேராசிரியருக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் வேலை, அவர் சேர்க்கக்கூடிய கடைசி ஆள் நான். எனக்கு முப்பது வயது. 94இல் கல்லூரி அலுவலகத்தில் ஒரு பெண் என்னிடம் விடுப்புத் தாளை நீட்டி, "அடுத்த வருஷம் வந்துடுவீங்கதானே?" என்று கேட்டாள். அதற்கு நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்னொரு தடவை செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

மற்றத் தாள்களை நிரப்பி அனுப்பியாகிவிட்டது, என் விளக்கக் கடிதத்தையும் எழுதிவிட்டேன். பேராசிரியருக்கு அனுப்பும் முன் நீ பார்த்துவிடு, நகல் உள்ளே இருக்கிறது. கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஒன்பது பக்கம் ஆகிவிட்டது. 'பிப்ரவரி 1994: தந்தை இறந்தார். ஏப்ரல்: அறுபத்திரண்டு ஆடு ஈன்றன, மூன்று குட்டிகளை மார்பில் கட்டித் தூங்கினேன்' என்று ஆரம்பிக்கிறது. 2000 ஜனவரி வரும்போது எழுத முடியவில்லை, எழுந்து நடந்துவிட்டு வந்தேன். நூற்றெண்பதில் நாற்பத்தாறுதான் மிஞ்சின. உறைந்த ஆட்டைக் கிழிக்க முடியாது. கூடாரத்துக்குள் கொண்டுவந்து இளக்கித்தான் கிழிக்க வேண்டும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "செத்ததைக் கிழிச்சுப் பார்த்தா என்னடி வரும்?" என்பாள். ஏன் செத்தது என்று தெரிய வரும் என்பேன்.

இப்போது உன் விஷயத்திலும் அதுதான். கோபத்தைவிட எனக்குத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் பெரிது. அந்தத் தாளில் என்ன எழுதினாய்?

அக்கா


சப்போரோ
14 டிசம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர்காலம் கடுமையா? மந்தைக்குப் புல் போதுமா? உங்கள் ஒன்பது பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். இன்று ஞாயிறு. காலையிலிருந்து இந்தக் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு தாள் கிழித்தாகிவிட்டது.

சொல்லிவிடுகிறேன். 96இல் என்னைச் சேர்க்க இருந்த மொழிப் பள்ளிக்காரர், "நாலு வருஷம் சந்தையில நின்னேன்னு எழுதினா நேரே குப்பைக்குத்தான் போகும். நல்ல காரணமா ஒண்ணு சொல்லு" என்றார். இரவு முழுதும் யோசித்தேன். எனக்குத் தெரிந்த நல்ல காரணம் ஒன்றே ஒன்றுதான். அது உங்களுடையது.

அதை எழுதினேன். அப்பா நோயில் விழுந்து இறந்தார், அம்மா தனியாக இருந்தாள், படிப்பைத் தியாகம் செய்து மந்தையைப் பார்த்துக்கொண்டேன், அதனால் என் அக்கா கால்நடை மருத்துவம் படித்து முடிக்க முடிந்தது, இப்போது அவள் திரும்பி வந்து என்னை விடுவித்துவிட்டாள் என்று. உங்களைப் பட்டதாரி ஆக்கினேன், அக்கா. அதை எழுதும்போது உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நிமிஷத்தை நினைத்தால்தான் இன்று அதிக வெட்கமாக இருக்கிறது.

இப்போது நீங்கள் உண்மையை எழுதினால் ஒரே அப்பா, ஒரே மந்தை, மேய்த்தது இரண்டு பேர் என்று ஆகும். என் முத்திரை நகல் உங்கள் தாளோடு சேர்ந்தால் யாராவது என் பழைய தாளை எடுத்துப் பார்ப்பார்கள். மார்ச்சில் என் விசா போய்விடலாம். ஏழு வருஷம் இங்கே வாழ்ந்திருக்கிறேன், வேறு வாழ்க்கை எனக்குத் தெரியாது. பயந்தேன். இதுதான் அந்த ஒரு மாத மௌனம்.

என்னைத் திட்டி எழுதுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள். அவளுக்குத் தெரிந்தது அந்தச் சான்று மட்டும்தான், நான் எழுதிய கதை தெரியாது.

உங்கள் தம்பி,
தெமூலென்


சவ்கான், குளிர்கால முகாம்
2 ஜனவரி 2004

அன்புத் தம்பி,

குளிர்காலத்தைச் சுகமாகக் கழி. இங்கே மைனஸ் நாற்பத்திரண்டு டிகிரி. பால்தேநீரை வெளியே ஊற்றினால் தரையில் விழுவதற்குள் கட்டியாகிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆட்டுப்பட்டியில் நின்று வாசித்தேன். முதலில் சிரித்தேன். நான் பட்டதாரியா! எந்த வருஷம் முடித்தேன், எத்தனை மதிப்பெண்? அதையும் எழுதியிருந்தால் சொல்லு, தெரிந்துகொள்கிறேன். பிறகு அழுதேன். சிரித்த கண்ணீரா அழுத கண்ணீரா என்று இமைக்குத் தெரியாது, இரண்டும் ஒட்டிக்கொண்டு உறைந்துவிட்டது.

வலித்தது, தம்பி. பொய் சொன்னது வலிக்கவில்லை. 'தியாகம்' என்று எழுதினாயே, அதுதான் வலித்தது. நான் அந்தச் சொல்லை ஒரு நாளும் சொன்னதில்லை. ஒன்பது பக்கத்தில் தேடிப் பார், இருக்காது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே புரெவ்ஜாவ் கணக்கெடுக்க வந்துவிட்டுப் போனார். பேனாவை எடுத்துக்கொண்டு, "இந்த வருஷம் யார் பேரு?" என்றார். "என் பேரை எழுதுங்க" என்றேன். அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். "ரெண்டு பேர் பேரையும் எழுதக் கூடாதா?" என்று கேட்டாள். "கட்டத்துல ஒரு பேருதான்மா புடிக்கும்" என்றார் அவர். என் பெயரை எழுதினார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பத்து வருஷமா மேய்ச்சவ நீதானே" என்றாள், என்னைப் பார்க்காமல்.

நீ இரண்டு தடவை கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அம்மாவை யார் பார்ப்பார்கள்? நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதாமல் விட்டேன். நானும் உன்னைப் போலத்தான்.

பேராசிரியருக்கு இன்று மாலை எழுதுகிறேன். அத்தாட்சி கிடைக்கவில்லை, வர முடியாது என்று. உன் ஏழு வருஷத்தை எடுத்து என் பத்து வருஷத்தை நிரூபிக்க எனக்கு மனசு இல்லை. நீ நிம்மதியாக இரு. இனிமேல் மட்டும் கேட்டதற்குப் பதில் எழுது.

உச்சி முகர்ந்து,
அக்கா


சப்போரோ
11 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்காவுக்கு,

வெண்மாதப் புத்தாண்டுத் திருநாள் நெருங்குகிறது. அம்மா எத்தனை இறைச்சிக் கொழுக்கட்டை பிடித்திருக்கிறாள்? ஆயிரம் தாண்டியதா? உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேராசிரியருக்கு நீங்கள் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நான் அவரைப் பார்த்துவிட்டதால் அவர் உங்கள் விண்ணப்பத்தை நிறுத்தவில்லை. உங்கள் ஒன்பது பக்கத்தைத் திருப்பி அனுப்ப நினைத்து உறையில் போட்டேன். முகவரி எழுதும்போது கை அவர் முகவரியை எழுதியது. பிறகு தபாலில் எதற்கு என்று ரயில் ஏறி நேரிலேயே போனேன். வட்டாரச் சான்றுக்குப் பதிலாக முத்திரைப் பக்கத்தின் நகலையும், மேய்த்தது என் அக்கா என்று நான் எழுதிக் கையெழுத்திட்ட தாளையும் கொடுத்தேன். உங்கள் பக்கங்களுக்கு நான் எழுதிய ஜப்பானிய மொழிபெயர்ப்பை அவர் நின்றபடியே படித்தார். 2000 ஜனவரி வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் குடியேற்ற அலுவலகத்துக்கு நானே போனேன். அதிகாரி என் பழைய தாளை வரவழைத்தார். என்னைவிட இளையவர். என் கதையை மெதுவாகப் படித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"இதுல எதுங்க பொய்?"

"எல்லாம் உண்மைதான் சார். ஆள்தான் வேற."

அவர் தாளை மேசைமேல் வைத்தார். "அப்ப இந்த நாலு வருஷம் நீங்க என்ன பண்ணீங்க?"

"ஜீன்ஸ் வித்தேன்."

"அதை எழுதியிருந்தாலே விட்டிருப்பாங்களோ என்னவோ" என்றார். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும்தான். பிறகு இருவரும் சிரிப்பதை நிறுத்தினோம். அவர் எழுத ஆரம்பித்தார்.

முடிவு இன்னும் வரவில்லை. எதுவானாலும் நான் வருந்த மாட்டேன் என்று சொன்னால் அது பொய். வருந்துவேன். ஆனால் அன்று திரும்பி வந்து நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் தம்பி,
தெமூலென்


சவ்கான், குளிர்கால முகாம்
18 மார்ச் 2004

அன்புத் தம்பி,

வசந்தம் சுகமாக வரட்டும். அம்மா சுகம். ஆயிரத்து இருநூறு கொழுக்கட்டை. உனக்கென்று அறுபதைப் பனியில் புதைத்து வைத்திருக்கிறாள். நாய் இருபதைத் தின்றுவிட்டது.

எனக்கு விசாவுக்கான தகுதிச் சான்று வந்துவிட்டது. அதே ஜீப்பில், அதே பையில், உனக்குப் புதுப்பிக்க முடியாது, ஏப்ரல் பத்துக்குள் கிளம்ப வேண்டும் என்ற உன் கடிதமும் வந்தது. ஓட்டுநர் இரண்டையும் ஒரே கையால் நீட்டினார். எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல் இரண்டையும் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் உன்னுடையதைத்தான் முதலில் பிரித்தாள். படித்துக் காட்டினேன். "ரெண்டு பிள்ளையும் ஒண்ணா இருக்கற மாதிரி ஒரு தாளும் எவனும் தர மாட்டேங்கறானே" என்றாள்.

எனக்குச் சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். உன்னை நினைத்தால் துக்கம், அதையும் மறைக்க மாட்டேன். நான் ஆறாம் தேதி வந்து இறங்குகிறேன். நாலு நாள் ஒன்றாக இருப்போம். நீ வரும்வரை அம்மாவையும் மந்தையையும் பக்கத்து முகாம்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆடு ஈனும் நேரம். அவர்களுக்கே வேலை தலைக்கு மேல், நீ தாமதிக்காமல் வந்து சேர். மற்றதை நேரில் பேசலாம்.

உச்சி முகர்ந்து,
அக்கா


சவ்கான், வசந்த முகாம்
23 மே 2004

அன்புள்ள அக்காவுக்கு,

படிப்பு எப்படிப் போகிறது? அந்த ஈரக் குளிர் பழகிவிட்டதா? பச்சை மீன் சாப்பிட்டுப் பார்த்தீர்களா? அம்மா சுகம். மந்தை ஓரளவு சுகம். நான் உயிரோடு இருக்கிறேன்.

நாற்பது நாள் ஆகிவிட்டது. ஐம்பத்தொரு குட்டி, நாலு செத்துவிட்டன. அதில் இரண்டு என் தவறால் என்று அம்மா கணக்கு. என் கணக்கில் மூன்று. போன வாரம் புழுதிக் காற்றில் மந்தை சிதறியது. ஒரு பகலும் ஒரு இரவும் தேடினேன். கடைசியில் அவையே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன, நான்தான் தொலைந்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்து, "ஏண்டா, பேப்பர்ல நாலு வருஷம் மேய்ச்ச, இன்னுமா காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு தெரியல?" என்றாள். பக்கத்து முகாம்காரர்கள் இதை எனக்குப் பட்டப்பெயராகவே வைத்துவிட்டார்கள். 'பேப்பர் மேய்ப்பன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டேன்.

சப்போரோவில் நாலு நாள் ஒரே அறையில் இருந்தோம். அரிசிக் குக்கரை எப்படிப் போடுவது என்று சொன்னேன். எந்தப் பேருந்து, எந்தக் கடையில் இறைச்சி மலிவு என்றெல்லாம் சொன்னேன். நீங்கள் எந்தப் பெட்டை முட்டும், எது குட்டியை மறக்கும் என்று சொன்னீர்கள். விமான நிலையத்தில் அழுதோம். இவ்வளவுக்கும் இடையில் ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. அந்த வருஷங்களைப் பற்றி மொழிப் பள்ளி கேட்டது, பேராசிரியர் கேட்டார், என்னைவிட இளையவரான அந்த அதிகாரி கேட்டார். நான் உங்கள் வருஷங்களை எடுத்து என் பெயரில் எழுதினேனே தவிர, அவை எப்படி இருந்தன என்று உங்களிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒன்பது பக்கத்தையும் அவர்களுக்காகத்தான் எழுதினீர்கள்.

நேற்று ஒரு பெட்டை ஈன்று முடித்ததும் செத்துப்போனது. குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு அப்போது இருபத்தொரு வயது, எனக்கு இப்போது இருபத்தெட்டு.

அந்த முதல் வசந்தத்தில் எப்படி இருந்தீர்கள் அக்கா? பயந்தீர்களா? யாரிடம் சொன்னீர்கள்? எனக்கு எழுதுங்கள். புதன்கிழமை தோறும் ஜீப் வருகிறது, நான் போய் நிற்கிறேன்.

உங்கள் தம்பி,
தெமூலென்